இரண்டு நாளில் வோர்சோ

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "மிஸ், நீங்கள் பயிற்சிக்கு ஜேர்மனிக்குப் போனனீங்கள்தானே. அங்க என்ன பார்த்தனீங்கள்?"

நான் பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

"அதில்லை மிஸ். ஊர் சுற்றிப் பார்க்கேல்லையோ?"

"பார்த்தேன்" என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணவனைத் தேடி அலைபவர்களும், நுண்கடன் கட்ட முடியாமல் ஒளித்துத் திரிபவர்களும் இருந்த கூட்டம் அது. அவர்கள் நடுவில் "இரண்டு நாள் சுற்றுலா போனேன்" என்று எப்படிச் சொல்வது? ஆனால் சொன்னேன். அவர்கள் கோபிக்கவில்லை. எவ்வளவு முடிந்தது, எங்கே படுத்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், ஆரோடு போனீர்கள் என்று ஒரு மணித்தியாலம் துருவித் துருவிக் கேட்டார்கள். கடைசியில் அந்தத் தாயே, "இதை எழுதுங்கோ மிஸ், மற்றவையும் வாசிக்கட்டும்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

ஏன் வோர்சோ?

2023ஆம் ஆண்டு மே மாதம் சமூகப் பணியாளர்களுக்கான மூன்று வாரப் பயிற்சிக்காகப் பேர்லினுக்குச் சென்றிருந்தேன். அங்கே என் பெரியப்பாவின் மகள் வசிக்கிறார். நாங்கள் இருவரும் பரந்தன் பக்கம் ஒரே வளவில் வளர்ந்தவர்கள். அக்கா திருமணமாகிப் போய்ப் பல வருடங்களாகின்றன. ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்யும் வேலை. இரண்டு பிள்ளைகள். அவ்வளவு காலத்தில் வேலைக்கும் கோயிலுக்கும் கலியாண வீடுகளுக்கும் தவிர வேறெங்கும் அவர் போனதில்லை. மற்றவர்கள் விடுமுறைக்கு வந்து தங்கும் அறைகளைக் கூட்டித் துடைக்கும் அக்காவுக்கு, தனக்கென்று ஒரு விடுமுறை கிடையாது.

பயிற்சியின் நடுவில் ஒரு சனி, ஞாயிறு ஓய்வாகக் கிடைத்தது. "அக்கா, ரெண்டு நாள் எங்கையாவது போவம்" என்றேன்.

"எனக்கு உதுக்கெல்லாம் எங்க நேரம் பிள்ளை? பிள்ளையளுக்கு ஆர் சமைக்கிறது?"

"அத்தான் சமைப்பார்."

"அவருக்கு முட்டை பொரிக்கத்தான் தெரியும்."

"ரெண்டு நாள் முட்டை சாப்பிட்டால் ஒண்டும் நடக்காது."

அத்தான் சிரித்தார். போகச் சொன்னதும் அவர்தான்.

பாரிஸ், வெனிஸ் என்று அக்கா ஆசையோடு பேர் சொன்னார். இரண்டும் எங்கள் கைக்கு எட்டாத விலை. போலந்து நாட்டின் தலைநகரான வோர்சோ பேர்லினிலிருந்து ஏறக்குறைய 570 கிலோமீற்றர். அங்கே யூரோ புழக்கத்தில் இல்லை. ஸ்லொட்டி என்ற சொந்த நாணயம் இருக்கிறது. சாப்பாடும் தங்குமிடமும் பேர்லினைவிட மலிவு. போலந்து 2007இல் செங்கன் விசா வலயத்தில் சேர்ந்துவிட்டதால் என்னிடமிருந்த ஜேர்மன் விசாவே போதுமாக இருந்தது.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, போலந்தைச் சேர்ந்த ஃபுளோரியன் ஸ்னானியெட்ஸ்கி என்ற சமூகவியலாளர் டபிள்யூ. ஐ. தோமஸ் என்ற அமெரிக்கருடன் சேர்ந்து எழுதிய நூலைப் பற்றிப் படித்திருந்தேன். 1918 முதல் 1920 வரை வெளிவந்த அந்த நூலில், புலம்பெயர்ந்து அமெரிக்கா சென்ற போலந்து விவசாயிகளின் வீட்டுக் கடிதங்களையே அவர்கள் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். சாதாரண மனிதரின் கடிதம் ஒரு ஆவணம் என்பதை நான் கற்றது அங்கிருந்துதான். அந்த நாட்டைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்தே மனதில் இருந்தது.

முதலில் கணக்கு

ஆளுக்கு 100 யூரோ, அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று முடிவு செய்தோம். அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 33,000 ரூபா. பயிற்சிக்குத் தந்த நாளாந்தக் கொடுப்பனவில், மதியச் சாப்பாட்டை அக்கா வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போய் நான் மிச்சம் பிடித்த காசு அது.

பயணச் செலவில் பெரும்பகுதி போக்குவரத்துக்கும் தங்குமிடத்துக்குமே போகும். இந்த இரண்டையும் குறைத்தால் மற்றவை தாமாகக் குறையும். ரயில் ஐந்தரை மணித்தியாலத்தில் போய்விடும், ஆனால் விலை கூட. ஆகவே வெள்ளி இரவு புறப்பட்டுச் சனி காலை போய்ச் சேரும் பஸ்ஸையும், ஞாயிறு இரவு புறப்பட்டுத் திங்கள் காலை திரும்பும் பஸ்ஸையும் தெரிவு செய்தோம். இதனால் இரண்டு இரவுத் தங்குமிடச் செலவு மிச்சமானது. சனி இரவு மட்டும் பெண்களுக்கென்று தனியாக ஒதுக்கிய பொது விடுதி அறையில் ஆளுக்கொரு கட்டில் எடுத்தோம். ஒரே அறையில் ஆறு கட்டில்கள். பூட்டு விடுதியில் தரமாட்டார்கள் என்று வாசித்திருந்தபடியால் சிறிய பூட்டொன்று கொண்டு போனோம்.

ஊருக்குள் போய்வர வார இறுதிப் பயணச்சீட்டு என்று ஒன்று உண்டு. வெள்ளி மாலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 8 மணி வரை பஸ், ட்ராம், நிலக்கீழ் ரயில் எல்லாவற்றிலும் அதைக் காட்டி ஏறலாம். நாங்கள் போனபோது விலை 24 ஸ்லொட்டி. அந்நாளில் ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய நாலரை ஸ்லொட்டி கிடைத்தது.

கணக்கு இதுதான்: பஸ் போக வர 44 யூரோ, கட்டில் 16, நகரப் பயணச்சீட்டு 6, சாப்பாடு 20, நுழைவுச்சீட்டு 5. மொத்தம் 91. மிகுதி 9 யூரோவை அவசரத்துக்கென்று அக்கா கைலேஞ்சியில் முடிந்து வைத்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018இல் கொண்டுவந்த ஒரு சட்டத்தின்படி போலந்தில் பெரிய கடைகள் ஆண்டில் சில ஞாயிறுகளைத் தவிர மற்றைய ஞாயிறுகளில் பூட்டியிருக்கும். அது தெரிந்திருந்தபடியால் பாணும் வாழைப்பழமும் சனிக்கிழமையே வாங்கி வைத்தோம்.

சனிக்கிழமை: பழைய நகரம்

காலையில் விடுதியில் பைகளை வைத்துவிட்டுக் கோட்டைச் சதுக்கத்துக்குப் போனோம். மூன்றாம் சிகிஸ்மண்ட் அரசனின் தூண் அங்கே உயர்ந்து நிற்கிறது. கிராக்கோவிலிருந்த அரசிருக்கையை வோர்சோவுக்கு மாற்றியவர் அவர். தூண் நாட்டப்பட்டது 1644இல். அதன் அருகில் சிவப்பு நிற அரண்மனை. மஞ்சள், காவி, பச்சை என்று நிறம் நிறமாக வீடுகள். குதிரை வண்டிகள். பூ விற்பவர்கள். "எவ்வளவு பழைய ஊர் பார்" என்றார் அக்கா.

காலை 11.15க்கு அரண்மனைக் கோபுரத்திலிருந்து ஒருவர் எக்காளம் ஊதினார். அது என்ன நேரம், பன்னிரண்டும் இல்லை பதினொன்றும் இல்லை என்று அக்கா கேட்டார். 1939 செப்ரெம்பர் 17ஆம் திகதி ஜேர்மன் படையின் தாக்குதலில் அரண்மனை தீப்பற்றியபோது கோபுர மணிக்கூடு நின்றுபோன நேரம் அது. ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு ஊதுகிறார்கள்.

அப்போதுதான் அக்காவுக்கு விடயத்தைச் சொன்னேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஊர் பழைய ஊரல்ல. அந்தத் தூண் 1944இல் விழுத்தப்பட்டு 1949இல் மீள நிறுத்தப்பட்டது. அரண்மனையை வெடி வைத்துத் தரைமட்டமாக்கினார்கள். 1971இல்தான் அதை மீளக் கட்டும் முடிவு எடுக்கப்பட்டது. மக்கள் தந்த நன்கொடையில் கட்டி 1984இல் திறந்தார்கள். நிறம் நிறமான அந்த வீடுகள் எல்லாம் எங்கள் பெரியம்மாவைவிட வயது குறைந்தவை.

1944 ஓகஸ்ட் 1ஆம் திகதி வோர்சோ மக்கள் ஜேர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிராக எழுந்தார்கள். 63 நாட்கள் சண்டை நடந்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் இரண்டு இலட்சத்துக்கும் இடைப்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். சரணடைந்த பின்னர் எஞ்சிய மக்கள் எல்லோரையும் நகரத்தை விட்டு வெளியேற்றினார்கள். ஆளில்லாத ஊரில், தெருத் தெருவாக, வீடு வீடாக எரித்தும் வெடி வைத்தும் அழித்தார்கள். போருக்கு முன் 13 இலட்சம் பேர் வாழ்ந்த நகரத்தின் கட்டடங்களில் ஏறக்குறைய 85 வீதம் அழிந்துபோயின.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆளில்லாத ஊரில் வீடு உடைவது என்றால் என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

படத்தைப் பார்த்துக் கட்டிய ஊர்

சதுக்கத்திலிருந்து தெற்கே போகும் அரச வீதியில் பெட்டி வடிவத்தில் சில நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பழைய ஓவியத்தின் பிரதி. பெர்னார்டோ பெலொட்டோ என்ற இத்தாலிய ஓவியர் 1770களில் அரசனுக்காக வரைந்த வோர்சோத் தெருக்காட்சிகள் அவை. அசல் ஓவியங்கள் 22 அரண்மனைக்குள் இருக்கின்றன. உள்ளே போகும் காசு எங்கள் கணக்கில் இல்லை. ஆனால் தெருவில் பிரதியை இலவசமாகப் பார்க்கலாம். ஓவியத்தையும் எதிரே நிற்கும் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்தோம். வெயிலில் பிள்ளைகள் மாதிரி ஒவ்வொரு பெட்டியாகத் தேடிப் போனோம்.

அந்த ஓவியங்கள் மீளக் கட்டுவதற்கு உதவின. அவற்றைவிட முக்கியமானவை வேறு. ஆக்கிரமிப்புக் காலத்தில் வோர்சோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை ஆசிரியர்களும் மாணவர்களும் பழைய கட்டடங்களின் அளவுப் படங்களை இரகசியமாகத் தயாரித்துப் பாதுகாத்தார்கள். எழுச்சி தோற்ற பின்னர் அந்தப் படங்களை நகரத்திலிருந்து கடத்திப் பியோத்ர்கூவ் என்ற ஊரிலுள்ள ஒரு மடத்தில் ஒளித்து வைத்தார்கள். 1945இல் தலைநகர மீள்கட்டுமான அலுவலகம் தொடங்கியபோது அந்தப் படங்கள் கைகொடுத்தன. யான் சக்வத்தோவிச் என்ற கட்டடக்கலைஞர் பழைய நகரத்தின் மீள்கட்டுமானத்துக்குப் பொறுப்பாக இருந்தார். ஆண்களும் பெண்களும் இடிபாட்டுக்குள் கல் பொறுக்கினார்கள். பழைய செங்கல்லில் ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டித் துப்புரவாக்கி அடுக்கினார்கள். 1953 ஜூலையில் பழைய சந்தைச் சதுக்கம் திறக்கப்பட்டது. 1980இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மீளக் கட்டிய ஒரு நகரத்துக்கு அந்த இடம் கிடைத்தது அபூர்வமான விடயம்.

எல்லாமே முன்பிருந்தபடி கட்டப்பட்டன என்று சொல்ல முடியாது. சில இடங்களில் ஓவியத்தில் இருப்பது மாதிரியே கட்டினார்கள், உண்மையில் அந்தக் கட்டடம் சற்று வேறாக இருந்திருந்தாலும். கல் போதாமல் வ்ரொட்ஸ்வாஃப் போன்ற ஊர்களிலிருந்து செங்கல் கொண்டுவந்தார்கள். அங்கே திருத்தியிருக்கக்கூடிய வீடுகளும் அதற்காக உடைபட்டன. ஒரு ஊர் எழும்ப இன்னொரு ஊர் கொடுத்த விலை அது.

புனித யோவான் பேராலயத்தின் வெளிச்சுவரில் ஒரு இரும்புச் சங்கிலித் துண்டு பதித்திருக்கிறார்கள். 1944 சண்டையில் ஆலயத்தைத் தகர்க்க அனுப்பிய சிறிய வெடி வண்டியின் சங்கிலி. சுற்றுலாப் பயணிகள் அதை நின்று படம் எடுத்தார்கள். அக்கா தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தார்.

பழைய மதிலோரம் இன்னொரு சிலை இருக்கிறது. 1983இல் வைத்தது. தலைக்குப் பெரிதான இரும்புத் தொப்பி போட்ட, கையில் துவக்குப் பிடித்த சின்னப் பையன். எழுச்சியில் சேர்ந்த சிறுவர்களின் நினைவாக வைத்த சிலை. காலடியில் பூக்கள் இருந்தன. "இந்தப் பிள்ளைக்குத் தாய் இருந்திருப்பாதானே" என்றார் அக்கா. அந்த வயதில் போனவர்களின் பெயர்கள் எங்கள் இருவருக்கும் தெரியும். நாங்கள் அவற்றைச் சொல்லிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நடந்தோம்.

பால்கடைச் சோறு

பசித்தபோது "பால் பார்" ஒன்றுக்குப் போனோம். பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அங்கே மது கிடையாது. பாலும் மாவும் மரக்கறியும் கொண்டு செய்த எளிய சாப்பாட்டை மலிவாகத் தரும் சாப்பாட்டுக் கடைகள் இவை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வோர்சோவில் தொடங்கியவை, பின்னர் நாடெங்கும் பரவின. இன்றும் அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. ஓய்வூதியம் எடுக்கும் முதியவர்கள், மாணவர்கள், வேலையாட்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

முதலில் காசாளரிடம் சொல்லிக் காசு கட்ட வேண்டும். அவர் தரும் துண்டை ஜன்னலில் கொடுத்தால் சாப்பாடு வரும். சாப்பிட்ட தட்டத்தை நாங்களே கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் வைத்து அவித்த பியெரொகி வாங்கினோம். எங்கள் கொழுக்கட்டை மாதிரித்தான், ஆனால் கோதுமை மாவு. அதோடு பீற்றூட் சூப், பழம் அவித்த பானம். இருவரும் வயிறு நிறையச் சாப்பிட்டு ஏறக்குறைய பத்து யூரோ.

அக்கா தட்டத்தைக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்து சொன்னார்: "வேற ஆரோ சமைச்சு, வேற ஆரோ கழுவுகினம். எவ்வளவு நாளுக்குப் பிறகு."

மாலையில் விஸ்துலா ஆற்றங்கரைப் படிக்கட்டில் இருந்தோம். அதற்குக் காசு தேவையில்லை. வீட்டிலிருந்து தொலைபேசி ஒரு தரம்தான் வந்தது. அத்தான் உப்பு எங்கே என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை: மண்ணுக்குள் இருந்தவை

பயணத்துக்கு முன்னர் ஒவ்வொரு நூதனசாலையும் எந்த நாளில் பூட்டும், எந்த நாளில் இலவசம் என்று பார்த்து வைப்பது நல்லது. யூத வரலாற்று நிறுவனம் சனிக்கிழமை பூட்டியிருக்கும், அது யூதர்களின் ஓய்வுநாள். ஆகவே அதை ஞாயிறு காலைக்கு வைத்திருந்தோம்.

1940இல் வோர்சோவின் யூத மக்களை ஒரு மதிலுக்குள் அடைத்தார்கள். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு சிறிய பகுதிக்குள் அடைபட்டார்கள். பட்டினியாலும் நோயாலும் தெருவில் செத்தார்கள். 1942 கோடையில் பெரும்பாலானவர்களைத் திரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலில் கொண்டு போனார்கள். 1943 ஏப்ரல் 19ஆம் திகதி எஞ்சியவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். அதன் பின்னர் அந்தப் பகுதி முழுவதும் அழிக்கப்பட்டது.

அந்த மதிலுக்குள் இம்மானுவேல் ரிங்கெல்பிளும் என்ற வரலாற்றாசிரியர் ஒரு இரகசியக் குழுவை நடத்தினார். நாட்குறிப்பு, கடிதம், பங்கீட்டு அட்டை, பிள்ளைகளின் பாடசாலைக் கட்டுரை, மிட்டாய்க் கடதாசி என்று எல்லாவற்றையும் சேர்த்தார்கள். தகரப் பெட்டிகளிலும் பால் கான்களிலும் அடைத்து மண்ணுக்குள் புதைத்தார்கள். அவற்றில் ஒரு பால் கானை அங்கே பார்த்தோம். எங்கள் ஊரில் பால் சேகரிக்கக் கொண்டு திரிவார்களே, அதே மாதிரி ஒரு கான். துருப்பிடித்திருந்தது.

அந்தக் குழுவில் ரேச்சல் அவர்பாக் என்ற பெண் இருந்தார். எழுத்தாளர். மதிலுக்குள் அவர் செய்த வேலை, பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்க்கும் பொதுச் சமையலறை ஒன்றை நடத்துவது. பகலில் கஞ்சி வார்த்தார், அங்கே வந்தவர்களைப் பற்றி எழுதினார். அவர் கஞ்சி ஊற்றியவர்களில் பெரும்பாலானோரை அவரால் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனையையும் எழுதினார். குழுவில் போருக்குப் பின் உயிரோடு மிஞ்சியவர்கள் மிகச் சிலரே. அவர்களில் அவரும் ஒருவர். புதைத்தவற்றைத் தோண்டி எடுக்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். 1946இல் பத்துப் பெட்டிகளும் 1950இல் இரண்டு பால் கான்களும் கிடைத்தன. மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை.

நானும் நலன்புரி நிலையத்தில் கஞ்சி வரிசையில் நின்றவள். இன்று சமூகப் பணியாளர். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது, எங்கள் வரிசையில் கஞ்சி வார்த்த பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அவரது முகமும் மறந்துபோய்விட்டது. ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

பின்னர் முரானூவ் என்ற பகுதிக்கு நடந்தோம். யூதப் பகுதி இருந்த இடம் அது. பழைய நகரம் போல இது மீளக் கட்டப்படவில்லை. அள்ளி முடியாத இடிபாட்டு மேட்டின் மேலேயே, இடிபாட்டை அரைத்துச் செய்த கற்களால், புதிய தொடர்மாடி வீடுகள் கட்டினார்கள். அதனால் சில வீடுகள் தெருவைவிட உயரத்தில் நிற்கின்றன. வாசலுக்குப் படியேறிப் போக வேண்டும். பழைய மதில் போன வழியை நடைபாதையில் இரும்புத் தகட்டால் குறித்திருக்கிறார்கள். ஒரே நகரத்தில் ஒரு பகுதியைக் கல்லுக்குக் கல் மீளக் கட்டினார்கள். மற்றப் பகுதிக்கோ, கட்டித் தாருங்கள் என்று கேட்க மனிதர் மிஞ்சவில்லை. மீள்கட்டுமானம் பற்றிப் பேசும்போது நான் இனி இதை மறக்கமாட்டேன்.

அங்கேயுள்ள பெரிய யூத வரலாற்று நூதனசாலைக்கு அருகில் ஒரு நடைபாதைக்கு ஐரினா செண்ட்லர் என்ற பெண்ணின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் வோர்சோ நகரசபையின் நலன்புரித் திணைக்களத்தில் வேலை செய்த சமூகப் பணியாளர். சுகாதாரப் பணியாளருக்கான அனுமதி அட்டையைப் பயன்படுத்தி மதிலுக்குள் போய், குழந்தைகளை இரகசியமாக வெளியே கொண்டுவந்தார். அவரோடு வேலை செய்த பெண்கள் பலர் கூட நின்றார்கள். குழந்தைகளின் உண்மைப் பெயரையும் புதிய பெயரையும் சிறு துண்டுகளில் எழுதி, போத்தலில் இட்டுத் தோட்டத்தில் புதைத்து வைத்தார், பின்னொரு நாள் உறவினரிடம் சேர்ப்பதற்காக. 1943இல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டும் ஒரு பெயரையும் சொல்லவில்லை. 2008இல், 98 வயதில் காலமானார். என் அலுவலக அலுமாரியிலுள்ள பதிவுப் புத்தகங்கள் என் கண்ணுக்குள் வந்தன. அவற்றை நான் எவ்வளவு அலுப்போடு நிரப்பியிருக்கிறேன்!

பூங்காவில் ஒரு வரைபடம்

மாலை 4 மணிக்கு வாஜியென்கி பூங்காவில் இலவச இசை நிகழ்ச்சி. மே நடுப்பகுதியிலிருந்து செப்ரெம்பர் முடிவு வரை ஞாயிறு தோறும் பகல் 12க்கும் மாலை 4க்கும் ஷொப்பனின் பியானோ இசை வாசிக்கிறார்கள். 1959இலிருந்து நடக்கிறது. இசையமைப்பாளரின் பெரிய சிலைக்குக் கீழே பியானோ, சுற்றிவர ரோஜாச் செடிகள், புல்லில் சனம். அந்தச் சிலையையும் 1940இல் உடைத்தார்கள், 1958இல் மீள வைத்தார்கள்.

எங்களுக்கு அந்த இசை பழக்கமில்லை. ஆனாலும் புல்லில் கால் நீட்டி இருந்து கேட்பதற்கு ஒரு பழக்கமும் தேவைப்படவில்லை. அக்கா பாணைப் பிய்த்துத் தந்தார். திடீரென்று, "எங்கட வீட்டின்ர படம் ஒண்டும் இல்லை, என்ன?" என்று கேட்டார்.

இல்லை. 2008 கடைசியில் வெளிக்கிட்டோம். கொண்டு போன பைகளும் வழியில் ஒவ்வொன்றாகப் போயின. 2010இல் அம்மா திரும்பிப் போய்ப் பார்த்தபோது அத்திவாரமும் கிணறும்தான் இருந்தன. இப்போது அங்கே வீட்டுத்திட்ட வீடு நிற்கிறது. அது நல்ல வீடுதான். ஆனால் பழைய வீடு எங்கள் மூன்று நான்கு பேரின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது.

பயணச் செலவு எழுதிய கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பினேன். அக்கா பேனையை வாங்கிக்கொண்டார். முன் விறாந்தை, மண் குந்து, சாமியறை. கிணறு கிழக்கே என்றேன் நான். வடகிழக்கு என்றார் அவர். பெரியம்மா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நின்ற மாமரத்துக்கு மூன்று கிளை என்றார். எனக்கு ஒரு கிளைதான் நினைவு, ஊஞ்சல் கட்டிய கிளை. மாட்டுக் கொட்டில் எவ்வளவு நீளம் என்பதில் சண்டை வந்தது. இசை முடிந்து சனம் கலைந்தபோதும் நாங்கள் வரைந்துகொண்டிருந்தோம்.

இரவு பஸ்ஸில் ஏறுமுன் அதைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பினோம். திங்கள் காலை பேர்லினில் இறங்கியபோது பெரியம்மாவின் குரல் பதிவு வந்திருந்தது. "குசினியைப் பிழையான பக்கம் போட்டிட்டியள் பிள்ளையள். நான் இருபத்தஞ்சு வருசம் சமைச்ச குசினி, எனக்குத் தெரியாதே" என்று தொடங்கி, அடுப்பு, உரல், அம்மி எல்லாம் எங்கே இருந்தன என்று பத்து நிமிடம் சொல்லியிருந்தார். பின்னால் மாமரத்தைப் பற்றி அம்மாவும் பேசியிருந்தார்.

கைலேஞ்சியில் 9 யூரோ அப்படியே இருந்தது. அக்கா அதைப் பிரித்துக் கொடுக்கவில்லை. "அடுத்த முறைக்கு" என்று வைத்துக்கொண்டார்.

தோழிகளே, வோர்சோவுக்குப் போக எல்லோராலும் முடியாது. என் வாழ்க்கையிலும் அது ஒரு தரம் கிடைத்த வாய்ப்பு. ஆனால் இரண்டு நாளுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு, உண்டியலில் சேர்த்து, ஒரு தோழியையோ சகோதரியையோ கூட்டிக்கொண்டு, சமையலை வேறொருவரிடம் விட்டுவிட்டு எங்காவது போய்வரலாம். பக்கத்து மாவட்டத்துக் கடற்கரையும் போதும். போகும்போது ஒரு கொப்பி கொண்டு போங்கள். பெரியம்மாவின் திருத்தங்களோடு எங்கள் வீட்டின் படத்தை இப்போது நான் ஐந்தாவது தரம் வரைந்துகொண்டிருக்கிறேன். கிணறு வடகிழக்கில்தான் இருந்ததாம்.